தபாலில் போன வீரர்கள்

கடிதம் எழுதி, உறையில் இட்டு, விலாசம் எழுதி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்புகிறீர்கள். நாலு அடி நடந்ததும் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. "அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாமோ?" என்று தோன்றுகிறது. திரும்பிப் போய்ப் பெட்டியைப் பார்க்கிறீர்கள். போட்டதை வாங்கிக்கொள்ளுமே தவிர, திருப்பிக் கொடுக்கிற வழக்கம் அந்தச் சிவப்புப் பெட்டிக்குக் கிடையாது! நாத்தனாருக்கு எழுதிய கடிதமாக இருந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். பதில் வருகிற வரையில் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த அவஸ்தையையே ஒரு விளையாட்டாக்கி, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு நடத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் நடத்தினார்கள். அதுவும் சாதாரண விளையாட்டா? வாளும் கேடயமும் ஏந்திய வீரர்கள் அரங்கத்தில் இறங்கி ஒருவரோடு ஒருவர் மோதும் துவந்த யுத்தம்! பழைய ரோமாபுரியில் கிளாடியேட்டர்கள் என்று பெயர் பெற்றிருந்தார்களே, அந்த வாள்வீரர்களின் சண்டை. யுத்தத்துக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற ரதம் எது தெரியுமா? தபால்காரருடைய பைதான்!

குதிரைக்காக ஓடிய குதிரைகள்

தபாலில் விளையாடுவது ஏதோ நேற்று முளைத்த யோசனை என்று எண்ணிவிட வேண்டாம். 1824-ஆம் வருஷத்தில் லண்டன் நகரத்துச் சதுரங்கக் கழகமும், ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ நகரத்துச் சதுரங்கக் கழகமும் கடிதப் போக்குவரத்து மூலமாகவே ஒரு பந்தயம் ஆடத் தொடங்கின. அவ்விரு நகரங்களுக்கும் இடையே அப்போது ரயில் கிடையாது. குதிரை பூட்டிய தபால் வண்டிதான். பலகையில் ஒரு குதிரையை நகர்த்துவதற்குச் சாலையில் எத்தனை குதிரைகள் ஓட வேண்டியிருந்தது, பாருங்கள்! பந்தயம் முடிந்தபோது வருஷம் 1828. ஜெயித்தது எடின்பரோ.

தபால் சதுரங்கத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. இன்ன காயை இன்ன கட்டத்துக்கு நகர்த்தினேன் என்று எழுதித் தபாலில் சேர்த்துவிட்டால், சேர்த்ததுதான். "ஐயையோ, மந்திரியைக் காவு கொடுத்துவிட்டேனே!" என்று ராத்திரி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாலும் பிரயோஜனமில்லை.

பிற்காலத்தில் அமெரிக்காவில் இந்தப் பழக்கம் வேறு விளையாட்டுகளுக்கும் பரவிற்று. 1963-இல் ஜான் போர்ட்மன் என்பவர் 'டிப்ளமஸி' என்ற பலகை விளையாட்டைத் தபாலில் ஆடும் ஏற்பாட்டைத் தொடங்கினார். ஏழு பேர் ஏழு ஐரோப்பிய ராஜ்யங்களாக வேஷம் பூண்டு, ஒருவரையொருவர் கவிழ்க்கும் விளையாட்டு அது. 1970-இல் ரிக் லூமிஸ் என்ற இளைஞர், ராணுவத்தில் சேவை செய்துகொண்டிருக்கும்போதே, 'நியூக்ளியர் டிஸ்ட்ரக்ஷன்' என்று ஒரு தபால் விளையாட்டைக் கட்டணம் வாங்கி நடத்த ஆரம்பித்தார். அவர் அமைத்த ஸ்தாபனத்தின் பெயர் ஃப்ளையிங் பஃபலோ. தமிழில் சொன்னால் 'பறக்கும் எருமை'! எருமை பறந்ததோ இல்லையோ, கடிதங்கள் பறந்தன. ஆட்டக்காரர்கள் அனுப்பும் கட்டளைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அது போடும் கணக்கை அச்சடித்து அவரவர் வீட்டுக்கு அனுப்புவதே அவர்களுடைய தொழில். அரிஸோனா மாகாணத்தில் இதற்கென்று ஒரு காரியாலயமே நடந்தது.

அதே அரிஸோனாவில் டெம்பி என்ற ஊரில் ரியாலிட்டி ஸிமுலேஷன்ஸ் என்று இன்னொரு ஸ்தாபனம். அது 1980-களில் 'டூயல்மாஸ்டர்ஸ்' என்ற விளையாட்டை நடத்தத் தொடங்கியது. பின்னாளில் அதன் பெயர் 'டூயல் 2' என்று மாறிற்று. நான் சொல்ல வந்த வாள்வீரர் விளையாட்டு இதுதான்.

ஐந்து பிள்ளைகள்

நீங்களே இதை ஆடுவதாக வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரு தபால் வருகிறது. பிரித்துப் பார்த்தால் ஐந்து வீரர்கள். படம் கிடையாது, பெயர் கிடையாது, வெறும் எண்கள்தான். பலம், தேகக்கட்டு, உருவம், புத்தி, மன உறுதி, வேகம், கைத்திறன் என்று ஒவ்வொரு வீரனுக்கும் ஏழு குணங்கள். ஒவ்வொன்றும் 3-க்குக் குறையாது, 21-க்கு மேல் போகாது. ஏழையும் கூட்டினால் 70 வரும். அதோடு இன்னும் 14 சேர்த்து மொத்தம் 84 ஆக்கும் பொறுப்பு உங்களுடையது.

மாதக் கடைசியில் கையில் மிஞ்சிய சொற்பப் பணத்தைக் குழந்தையின் செருப்புக்கும், பெரியவரின் மருந்துக்கும், பால்காரர் பாக்கிக்கும் பிரித்துப் பார்த்த கைகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பலத்தில் போட்டால் புத்திக்குப் போதவில்லை. புத்தியில் போட்டால் வேகம் கெடுகிறது. எங்கே கூட்டினாலும் எங்கேயோ துண்டு விழுகிறது!

ஐந்து பேரில் ஒருவன் எப்போதும் நோஞ்சானாக வந்து சேருவான். பலம் 5, தேகக்கட்டு 8, உருவம் 7, புத்தி 15, மன உறுதி 13, வேகம் 9, கைத்திறன் 13 என்று அவன் லட்சணம் இருக்கிறது. ஊதினால் பறந்துவிடுவான், ஆனால் மண்டையில் விஷயம் இருக்கிறது. அவனுக்குப் பெயர் வைப்பதும் உங்கள் பாடுதான். வீரபாகு என்று வைத்துவிடுவோமே! பெயராவது பலமாக இருக்கட்டும்.

பெயர் வைத்த பிறகு சண்டை போடும் பாணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் பத்துப் பாணிகள். ஓங்கி மொத்துகிறவன் ஒருவன். பாய்ந்து குத்துகிறவன் ஒருவன். வீசி வெட்டுகிறவன் ஒருவன். நிதானமாகக் குறி பார்த்து ஓரிடத்தில் அடிக்கிறவன் ஒருவன். எதிரியின் வீச்சைத் தடுத்து, அதே மூச்சில் திருப்பிக் கொடுக்கிறவன் உண்டு. ஆயுதத்தை ஓயாமல் சுழற்றித் தன்னைச் சுற்றி இரும்புச் சுவரே எழுப்பிவிடுகிறவன் உண்டு. அடிக்கவே அடிக்காமல், வந்த அடியையெல்லாம் தடுத்துத் தடுத்தே எதிரியைக் களைத்துப் போகச் செய்கிறவனும் உண்டு. (சில வீடுகளில் இந்தக் கடைசிப் பாணியைக் கணவன்மார் கடைப்பிடிப்பதாகக் கேள்வி!)

இவ்வளவும் ஆன பிறகு ஒரு விசித்திரம் நடக்கிறது. காலையில் வெறும் எண்ணாக வந்தவன், பெயர் வைத்து, பாணி கற்றுக்கொடுத்து, வாளும் தலைக்கவசமும் எடுத்துக் கொடுத்த பிறகு, மாலைக்குள் உங்கள் பிள்ளையாகிவிடுகிறான்.

வாசற்படியில் சொல்லும் புத்திமதி

இனிமேல்தான் கஷ்டமான கட்டம். சண்டை நடக்கும்போது நீங்கள் அங்கே இருக்கப் போவதில்லை. "குனிடா! விலகுடா!" என்று கத்த முடியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி அனுப்பிவிட வேண்டும். பரீட்சைக்குப் போகிற பையனை வாசற்படியில் நிறுத்தி, "முதலில் கேள்வித்தாளை முழுக்கப் படி, தெரிந்ததை முதலில் எழுது" என்று ஆயிரம் சொல்லி அனுப்புகிறோமே, அதுபோல. உள்ளே போனவன் அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறானோ இல்லையோ, யார் கண்டது?

தாளில் கட்டங்கள் போட்டிருக்கும். முதல் நிமிஷம், இரண்டாம் நிமிஷம், மூன்றாம் நிமிஷம் என்று சண்டையின் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் மூன்று எண்கள், 1 முதல் 10 வரை எழுத வேண்டும். முதல் எண், எவ்வளவு மும்முரமாகத் தாக்க வேண்டும் என்பது. இரண்டாவது, அரங்கத்தில் எவ்வளவு சுறுசுறுப்பாக நகர வேண்டும் என்பது. எதிரியின் உடம்பில் எந்த இடத்தைக் குறி வைப்பது, தன் உடம்பில் எந்த இடத்தைக் காப்பது என்பதற்கும் இடம் உண்டு. நிமிஷக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு பத்தி தனியாக இருக்கும். 'கதியற்றுப் போனால்' என்று அதற்குப் பொருள். எல்லாம் கைவிட்டுப் போகிற நேரத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதையும், சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி நீங்கள் எழுதியாக வேண்டும்!

மூன்றாவது எண்ணை நான் இன்னும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அது 'கொல்லும் ஆசை.'

ஆமாம், அப்படியேதான் அச்சிட்டிருக்கும். உங்கள் வீரனுக்கு எதிரியைக் கொல்லும் ஆசை எவ்வளவு இருக்க வேண்டும்? 1-ஆ, 5-ஆ, 10-ஆ? ஜெயித்தால் போதும், விழுந்தவன் மன்றாடினால் எழுந்து போகட்டும் என்பவர்கள் சிறிய எண்ணை எழுதலாம். விழுந்தவன் எழுந்திருக்கவே கூடாது என்பவர்கள் 10 என்று எழுதலாம். எந்த எண்ணை எழுதினாலும் யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. ஏன் எழுதினாய் என்று கம்ப்யூட்டர் கண்ணை உருட்டி விழிப்பதில்லை. பேனாவும் நீங்களும் அந்தச் சின்னக் கட்டமும்தான்.

இரண்டு வாரம்

எழுதி ஒட்டித் தபாலில் சேர்த்தாயிற்று. முடிவு கைக்கு வரச் சுமார் இரண்டு வாரம் ஆகும். இந்தப் பத்திரிகையின் தொடர்கதையில், கதாநாயகி இருட்டில் கதவைத் திறக்கிற இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டால், அடுத்த இதழ் வரை நீங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். இங்கே அதைப் போல இரண்டு மடங்கு! தவிர, தொடர்கதையில் கதாநாயகிக்கு ஏதாவது நேர்ந்தால் பழி ஆசிரியரைச் சேரும். இங்கே பழி உங்களைத்தான் சேரும்.

ஒரு நாள் தடித்த உறை ஒன்று வந்து விழுகிறது. சண்டை முழுவதும் கதையாகவே அச்சாகியிருக்கும். யார் முதலில் பாய்ந்தார், யார் வாள் யார் தோளில் பட்டது, யார் தடுமாறினார், கூட்டம் எப்படி ஆரவாரித்தது என்று வரிக்கு வரி படித்துக்கொண்டே போக வேண்டும். கடைசி வரியை முதலில் பார்க்கக் கூடாது என்று சபதம் செய்துகொண்டவர்களின் கண்ணும் தானாகவே கடைசி வரிக்குத்தான் ஓடும்.

வீரபாகு ஜெயித்திருக்கலாம், ஒரு படி கற்றுத் தேர்ந்திருக்கலாம். தாக்குதல், தடுத்தல், விலகுதல் என்று ஒவ்வொரு சண்டையிலும் வீரர்களுக்குத் தேர்ச்சி ஏறிக்கொண்டே போகும். தோற்றிருக்கலாம், காயத்தோடு திரும்பியிருக்கலாம். இல்லாவிட்டால், இறந்தும் போயிருக்கலாம். இறந்தவன் இறந்தவன்தான். இரண்டாம் வாய்ப்புக் கிடையாது. ஒரு வருஷமாக வளர்த்த பிள்ளை, ஒரே வரியில் போய்விடுவான்.

உறையோடு கூட அந்த அரங்கத்தின் செய்தித்தாள் ஒன்றும் வரும். யார் எந்தப் படியில் இருக்கிறார்கள், அரங்கத்தின் தலைமை வீரன் யார் என்ற வரிசை அதில் இருக்கும். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் சின்னச் சின்னச் செய்திகளும் இருக்கும். சவால், கேலி, பாராட்டு, சமாதானம் எல்லாம் அந்தப் பகுதியில்தான். முகம் பார்த்திராதவர்கள், வெவ்வேறு மாகாணங்களில் இருப்பவர்கள், தங்கள் வீரர்களின் பெயராலேயே பேசிக்கொண்டு வருஷக்கணக்காகச் சிநேகிதர்களாகவும் பகைவர்களாகவும் இருந்தார்கள்.

பகை என்றேனே, அதற்கும் சட்டம் உண்டு. உங்கள் வீரனை ஒருவன் கொன்றுவிட்டால், கொன்றவன்மேல் 'ரத்தப் பகை' அறிவித்து, உங்கள் அணியிலிருந்து இன்னொருவனை அவனோடு மோத அனுப்பலாம். அவன் இவனைக் கொன்றால் மறுபடியும் ரத்தப் பகை. இவன் அவனைக் கொன்றால் அந்தப் பக்கத்திலிருந்து ரத்தப் பகை. கட்டத்தில் ஒருவர் எழுதிய ஓர் எண்ணிலிருந்து எத்தனை தபால்கள் கிளம்பும் என்பதற்கு அளவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நோஞ்சான் வீரன் வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் அவனை 'இருட்டு அரங்கம்' என்ற இடத்துக்கு அனுப்பிவிடலாம். அங்கே கொடிய ஜந்துக்களோடு சண்டை. போனவன் திரும்புவது அபூர்வம். அவன் இடத்துக்குப் புதிதாக ஒரு வீரன் வருவான். ஆட்டக் கணக்கில் இது வெறும் சிக்கனம். சொத்தைக் கத்தரிக்காயைக் கூடையிலிருந்து எடுத்து எறிகிற மாதிரி. பெயர் வைக்கும் முன்பே அனுப்பிவிட்டால் மனத்துக்குச் சுலபம். வீரபாகு என்று பெயர் வைத்த பிறகு அனுப்பிப் பாருங்கள், தெரியும்!

வாடகைப் பாத்திரம்

"எல்லாம் காகிதம்தானே? காகிதத்தில் செத்தவனுக்கு அழுவார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் காகிதம் இல்லாத காலமும் ஒன்று இருந்தது. விளையாட்டின் உலகம் கற்பனை உலகமானாலும், அரங்கமும், வாள்வீரர்களும், அவர்களை ஆட்டுவிக்கும் எஜமானும் ரோமாபுரியிலிருந்து வந்தவர்கள். அங்கே நிஜமாகவே நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம்.

ரோமாபுரியில் முதன்முதலாக இந்தச் சண்டை நடந்தது ஒரு சாவு வீட்டில். கி.மு. 264-இல் புரூட்டஸ் பேரா என்ற பிரபு இறந்தபோது, அவருடைய பிள்ளைகள் தகப்பனாரின் கௌரவத்துக்காக மூன்று ஜோடி வீரர்களை மோத விட்டார்கள். மூன்று ஜோடியில் தொடங்கியது மேலும் மேலும் பெருகிற்று. கி.பி. 80-இல் கொலோஸியம் என்ற மாபெரும் அரங்கம் திறக்கப்பட்டபோது விழா நூறு நாள் நடந்தது. வீரர்களில் பெரும்பாலோர் அடிமைகள், யுத்தக் கைதிகள், தண்டனை பெற்றவர்கள். பணத்துக்காகத் தாமே வந்து சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களை வைத்துப் பயிற்சி கொடுத்து வாடகைக்கு விடும் எஜமானுக்கு 'லானிஸ்டா' என்று பெயர். நம்முடைய தபால் விளையாட்டில் நீங்கள் வகிக்கிற ஸ்தானம் அவனுடையதுதான்.

இரண்டாம் நூற்றாண்டில் இருந்த கேயஸ் என்ற சட்ட நிபுணர் தம் நூலில் ஒரு சிக்கலை ஆராய்கிறார். ஒருவர் லானிஸ்டாவிடமிருந்து வீரர்களை வாங்கிச் சண்டை நடத்துகிறார். காயமின்றித் திரும்பும் ஒவ்வொருவனுக்கும் 20 தினாரி கொடுப்பது. செத்தாலோ, அங்கஹீனமானாலோ, ஆளுக்கு 1,000 தினாரி கொடுப்பது என்று பேச்சு. இது வாடகையா, விலையா என்பதே கேள்வி. திரும்பி வந்தவன் விஷயத்தில் வாடகை, போனவன் விஷயத்தில் விலை என்று கொள்வதே பொருந்தும் என்பது அவர் அபிப்பிராயம்.

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்களா? திருப்பிக் கொடுத்தால் வாடகை. அண்டா ஓட்டையாகிப் போனால் முழு விலை. அதே கணக்குத்தான். அண்டாவுக்குப் பதில் மனிதன்.

இந்தக் கணக்கிலேயே ஒரு சின்ன நன்மையும் விளைந்தது. சாவு என்றால் 50 மடங்கு செலவு அல்லவா? அதனால் ஒவ்வொரு சண்டையிலும் கொன்றே தீர வேண்டும் என்று இருக்கவில்லை. தோற்றவன் விரலை உயர்த்தி உயிர்ப் பிச்சை கேட்டால், விழா நடத்துபவர் கூட்டத்தின் குரலைக் கேட்டு அவனை விட்டுவிடுவதுண்டு. சமமாகப் போரிட்ட இருவரையும் நின்ற நிலையிலேயே விடுதலை செய்வதும் உண்டு.

லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் ஒரு கல் இருக்கிறது. துருக்கியில் பழைய ஹாலிகார்னஸ் நகரம் இருந்த இடத்தில் கிடைத்தது. வாளும் கேடயமுமாக எதிர் எதிரே நிற்கும் இரண்டு வீரர்களை அதில் செதுக்கியிருக்கிறார்கள். இருவரும் பெண்கள்! அமேஸான், அக்கிலியா என்று அவர்களுடைய அரங்கப் பெயர்களும் பொறித்திருக்கின்றன. இருவரும் விடுவிக்கப்பட்டார்கள் என்று கிரேக்க மொழியில் எழுதியிருக்கிறது. இரண்டு பேரும் சாகவில்லை என்பதைக் கல்லிலே வெட்டி வைக்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்த யாரோ ஒருவருக்கு நாம் நமஸ்காரம் சொல்ல வேண்டும்.

லாரிஸியாவின் கல்

இன்னொரு கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தாலியில் மிலான் நகரில் கிடைத்த கல்லறைக் கல் அது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உர்பிகஸ் என்ற வாள்வீரன் அதில் கேடயத்தோடு நிற்கிறான். பதின்மூன்று சண்டைகள் போட்டவன். இறக்கும்போது வயது 22. கல்லை நாட்டியவள் அவன் மனைவி லாரிஸியா. அவனோடு ஏழு வருஷம் வாழ்ந்தவள். கையில் ஒலிம்பியாஸ் என்ற பெண் குழந்தை. தகப்பன் போகும்போது அதற்கு ஐந்து மாதம்.

இவ்வளவையும் கல்லில் எழுதிய பிறகு, வழியில் போகிறவர்களுக்கு அந்தக் கல் ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறது. யாரை வென்றாலும் அவனைக் கொன்றுவிடு என்பதே அதன் சாரம்.

ஏன் அப்படி எழுதினாள்? உர்பிகஸ் முன்பு ஒரு சண்டையில் வென்றவனை உயிரோடு விட்டிருக்கிறான். பிறகு அவன் கையாலேயே மாண்டிருக்கிறான் என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். இரக்கப்பட்டதற்குக் கிடைத்த கூலி! ஐந்து மாதக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், தன் புருஷனின் கல்லறையில் என்ன எழுதினால்தான் என்ன? அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

தபால் விளையாட்டின் தாளில் 'கொல்லும் ஆசை' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லாரிஸியாவின் ஞாபகம் வருகிறது. அந்தக் கட்டத்தில் அவள் எழுதியது 10. கல்லிலே எழுதினாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் சகோதரிகளே, அவள் சொன்ன புத்திமதியை எல்லோரும் கேட்டால் என்ன ஆகும்? வென்றவன் எல்லாம் கொல்ல வேண்டும். அப்படியானால், அவளுடைய உர்பிகஸ் வென்ற ஒவ்வொரு நாளும் வேறோர் ஊரில், வேறொரு வீட்டில், இன்னொரு லாரிஸியா கல்லுக்கு ஆள் தேடிப் போயிருக்க வேண்டும். அவளும் அதே வாக்கியத்தைத்தான் எழுதியிருப்பாள். அவள் பிள்ளை வளர்ந்து அதைப் படித்திருப்பான். தபால் விளையாட்டில் ரத்தப் பகை போகிற போக்கு அதுதானே?

கடைசி எண்

ரோமாபுரியில் அந்தக் கொடிய வழக்கம் கிறிஸ்தவ அரசர்கள் காலத்தில் தேய்ந்து, ஐந்தாம் நூற்றாண்டில் மறைந்தது. டெம்பி நகரத்து வீரர்கள் யாருக்கும் மனைவி இல்லை, ஐந்து மாதக் குழந்தை இல்லை. அவர்கள் சாவில் ஒரு சொட்டு மசிதான் சிந்தியது. மனிதன் தன் ரத்தவெறியைக் காகிதத்தோடு நிறுத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டானே என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். பிறகு மின்னஞ்சல் வந்தது. தபால் விளையாட்டுகள் பல அதற்கு மாறின. இன்னும் பல மறைந்தே போயின. தடித்த உறைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சுகம் குறைந்துவிட்டது.

இருந்தாலும் அந்த விளையாட்டிலிருந்து ஒன்றை மட்டும் நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மற்ற விளையாட்டுகளில் கொல்லும் ஆசை ஆடுகிறவன் மனத்துக்குள் ஒளிந்திருக்கும். 'விளையாட்டு வேகத்தில் நடந்துவிட்டது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இங்கே அது முடியாது. வேகம் ஒன்றும் இல்லை. எதிரியும் எதிரில் இல்லை. நிதானமாக, மேஜைக்கு முன் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். அதைத் தபாலில் போட்டுவிட்டுப் பதினைந்து நாள் அதோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

யோசித்துப் பார்த்தால், நாம் எழுதும் ஒவ்வொரு கோபக் கடிதத்திலும் அந்தக் கட்டம் இருக்கத்தான் இருக்கிறது. சம்பந்திக்கு எழுதும்போது இருக்கிறது. தனிக்குடித்தனம் போன தம்பிக்கு எழுதும்போது இருக்கிறது. கைப்பேசியில் விரலால் தட்டி அனுப்பும் நாலு வார்த்தையிலும் இருக்கிறது. அனுப்பிய செய்தியை அழிக்கிற வசதி கைப்பேசியில் இருக்கலாம். ஆனால் படித்தவர் மனத்திலிருந்து அழிக்கிற வசதியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஆகையால் இனிமேல் நாத்தனாருக்குக் கடிதம் எழுதி முடித்ததும், ஒட்டுவதற்கு முன்பாக ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அந்த மூன்றாவது கட்டத்தில் என்ன எண் எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு தடவை பாருங்கள். 9 அல்லது 10 என்றால், பாதகமில்லை. கடிதத்தை மேஜை மேலேயே வைத்துவிட்டுக் காபி போடப் போங்கள். தபால் பெட்டி எங்கேயும் ஓடிப் போய்விடாது.